சாவி தில்லியிலே!

நாகாலாந்திலே மோன் மாவட்டம். அங்கே ஓட்டிங் என்றோர் சிற்றூர். 2021 டிசம்பர் 4, மாலைப் பொழுது. நிலக்கரிச் சுரங்கத்திலே பாடுபட்டுக் களைத்தவர்கள் வண்டியேறி வீடு திரும்புகின்றனர். வழியிலே பதுங்கியிருந்த சிறப்புப் படை சுட்டது, அறுவர் மாண்டனர். பதறி வந்த ஊராருக்கும் படைக்கும் மோதல். மேலும் எழுவர் பிணமாயினர். படைவீரர் ஒருவரும் மாண்டார். மறுநாள் மோன் நகரிலே இன்னும் ஓர் உயிர்!

ஆள் தெரியாமல் சுட்டுவிட்டனராம். நாடாளுமன்றத்திலே உள்துறை அமைச்சர் தந்த விளக்கம் அது.

மாநிலக் காவல்துறை வாளாவிருக்கவில்லை. 2022-இல் படையினர் 30 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கு நடந்ததா? இல்லை! 1958-ஆம் ஆண்டின் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம், அதன் ஆறாம் பிரிவு, குறுக்கே நின்றது. மத்திய அரசின் முன் அனுமதி இன்றி வழக்குத் தொடரலாகாது என்பது அந்தப் பிரிவு. 2023-இல் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாமாம்.

நாடகம் எழுதும் பழக்கம் உடையவன் நான். சுட்டவனை விசாரிக்கலாமா கூடாதா என்று, சுடச் சொல்லி அனுப்பியவனே தீர்ப்பளிப்பதாக ஒரு காட்சி அமைத்தால், கொட்டகையே எழுந்து போய்விடும்!

இந்தச் சட்டத்தின் தாய் எது தெரியுமா? 1942-இல், 'வெள்ளையனே வெளியேறு' கிளர்ச்சியை நசுக்க வைசிராய் லின்லித்கோ பிறப்பித்த அவசரச் சட்டம். கொடுமைதான். எனினும் அந்த அந்நியன்கூட, கொல்லும் அளவுக்குப் படைபலத்தை ஏவும் அதிகாரத்தைக் கேப்டன் பதவிக்குக் கீழே தரவில்லை. விடுதலை பெற்ற நாடோ, 1958-இல் அதை ஆணையம் பெறாத படை அதிகாரிகள் வரையிலும் இறக்கித் தந்தது! மணிப்பூர் உறுப்பினர் அச்சாவ் சிங் அன்றே மக்களவையிலே எதிர்த்தார். எண்ணிக்கை வென்றது.

உயிரைப் பணயம் வைக்கும் சிப்பாய்க்குப் பொய் வழக்கிலிருந்து பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பர். வேண்டும், ஐயமில்லை. பொய்யெது மெய்யெது என்று பிரிக்கத்தானே நீதிமன்றம்? அந்தச் சல்லடையை நீதிபதியிடம் கொடுங்கள் என்கிறோம். அமைச்சகத்தின் மேசையறையிலே பூட்டாதீர் என்கிறோம். சட்டத்தையே நீக்குக என்று, அரசு அமைத்த நீதிபதி ஜீவன் ரெட்டி குழுவே 2005-இல் சொல்லியாயிற்று.

அடுத்த கூட்டத்திலே ஆறாம் பிரிவைப் பேசுங்கள், தோழர்களே! ஓட்டிங் எங்கே இருக்கிறது என்று எவரேனும் கேட்பர். வரைபடத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.