பரிசோதனைக்கு ஒரு குழாய், வீதிக்கு ஒரு குழாய்

ஏப்ரல் வசந்த காலத்தில் மஹகஸ்தோட்டையிலும் ரதல்லையிலும் மலையேற்றக் காரோட்டப் போட்டிகள் நடப்பது பழைய வழக்கம். அது மூடிய வீதியில், விதிகளோடு நடப்பது. சிக்கல், அந்த உறுமலை நானுஓயா பொது வீதிக்குக் கொண்டுவருவோரால்.

2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனையில் தேறாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பெற்றோல் வாகனமென்றால் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் அளக்கப்படும். சத்தம் அந்தக் கருவிக்குக் கேட்காது. ஆகவே சைலன்சரையும் காற்று வடிகட்டியையும் மட்டும் மாற்றிய கார் பெரும்பாலும் தேறிவிடும். வினையூக்கி மாற்றியையே கழற்றியவரோ, அன்றைக்கு மட்டும் பழைய குழாயைப் பூட்டிக்கொள்ளலாம். சிரிக்க வேண்டாம், பரிசோதனையின்போது மட்டும் நல்லபிள்ளையாகும் மென்பொருளை வைத்துத்தான் 2015இல் வொக்ஸ்வாகன் பிடிபட்டது.

2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் மேலதிக உதிரிகளைக் கழற்றத் தொடங்கியபோது முதலில் மாட்டியவை பஸ்களும் முச்சக்கர வண்டிகளும்தான். பிழைப்புக்கு ஓடுபவை.

ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரி 20 அன்று பஸ், வேன், முச்சக்கர வண்டி மோதி ஏழு பேர் இறந்தனர். அது வேறு வகை விபத்து. வீதி இதே வீதி. வளைவில் ஹோர்ன் அடித்துத்தான் இங்கே எதிரே வருபவருக்குச் சொல்கிறோம். தன் குழாயின் இரைச்சலுக்குள் இருப்பவருக்கு அது எட்டுமா? புகை பார்க்கும் அதே நிலையத்தில் ஒலிமானி ஒன்றையும் வைக்கலாமே.