எங்க கவர்னர் உங்க கவர்னரை அடிப்பார்!

1999-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கார்களின் பின்பக்கத்திலும் இளவட்டங்களின் டி-ஷர்ட்டுகளிலும் ஒரு வாசகம் அமோகமாக உலா வந்தது: 'எங்க கவர்னர் உங்க கவர்னரை அடிச்சுப் போட்டுடுவார்!'

சும்மா சவடால் இல்லை. நிஜமாகவே போட்டுவிடுவார். ஆறடிக்கு மேல் உயரம், மொட்டைத் தலை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள்கள். பெயர் ஜெஸ்ஸி வென்ச்சுரா. தொழில், குஸ்தி.

கவர்னர் என்றதும் ராஜ்பவன் புல்வெளி, பட்டமளிப்பு விழா அங்கி என்றெல்லாம் கற்பனை பண்ணிக்கொள்ளாதீர்கள். அங்கே கவர்னர்தான் நம் முதலமைச்சர் மாதிரி. ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட் போடுகிற, சட்டசபை அனுப்பும் மசோதாவை 'போய்யா' என்று திருப்பி அனுப்புகிற அதிகாரமெல்லாம் அவரிடம்தான்.

சின்ன வயசில் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய கோஷ்டியில் நானும் உண்டு. ஹல்க் ஹோகன் கார்டுக்காக ஒரு முழு ஜியாமெட்ரி பாக்ஸைப் பறிகொடுத்திருக்கிறேன். என் கட்டில் வென்ச்சுரா இல்லை. அதனால் மனிதரைப் பற்றித் தாமதமாகத்தான் தெரிய வந்தது. தெரிந்துகொண்டதிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்கள் முறை.

இயற்பெயர் ஜேம்ஸ் ஜானோஸ். 1951-ல் மினியாபொலிஸ் நகரில் பிறந்தவர். ஸ்கூல் முடித்ததும் கடற்படையில் சேர்ந்து, தண்ணீருக்கடியில் வெடிவைக்கும் பிரிவில் இருந்தார். வெளியே வந்ததும் குஸ்தி மேடை. கலிபோர்னியா மேப்பில் பார்த்த 'வென்ச்சுரா' என்ற ஊர்ப் பெயரை எடுத்துத் தன் பெயருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். கழுத்தில் இறகு மாலை, காதில் தோடு, விதவிதமான கூலிங் கிளாஸ். பார்ட் என்னவோ வில்லன்தான். ஜனங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே வந்து இவரைத் திட்டிவிட்டுப் போவார்கள். அரசியலுக்கு இதைவிட நல்ல டிரெய்னிங் உண்டா?

1984-ல் நுரையீரலில் ரத்தக்கட்டி. ஹோகனோடு மோதவிருந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. பெரிய சண்டைகள் அதோடு சரி. மைக்கைப் பிடித்து வர்ணனையாளர் ஆனார். அதிலும் வில்லன் பக்கம் பேசுகிற வர்ணனையாளர்!

இங்கேதான் பி.காம். படித்தவனுக்குப் பிடித்த இடம் வருகிறது. அவர் வர்ணனை செய்த சண்டைகளையெல்லாம் கம்பெனி வீடியோ கேசட் போட்டு விற்றது. ராயல்டி கேட்டால், அதெல்லாம் பெரிய ஸ்டார்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்தது. அது உண்மையில்லை என்று பிற்பாடு தெரிந்ததும் நேரே கோர்ட்டுக்குப் போனார். 1994-ல் ஜூரி 8 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலேயே கொடுக்கச் சொன்னது. மறு வருஷம் மேல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. இன்னொரு விஷயம். 1986-ல் சக மல்யுத்த வீரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைக்கலாம் என்று இவர் பேசிப் பார்த்தார். உடனே முதலாளி காதுக்குப் போய்விட்டது. போட்டுக்கொடுத்தது ஹோகன்தான் என்பது அந்த வழக்கின்போது தெரிய வந்தது என்கிறார் வென்ச்சுரா. என் ஜியாமெட்ரி பாக்ஸ்!

அரசியலுக்கு வந்தது ஒரு சதுப்பு நிலத்தால். மினியாபொலிஸ் பக்கத்தில் புரூக்ளின் பார்க் என்ற ஊரில் குடியிருந்தார். அவர் வீட்டுப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் மனை போடும் ஆட்கள் கை வைக்கப் பார்க்க, நகர சபை தலையாட்டியது. வென்ச்சுராவுக்குக் கோபம். 1990-ல் மேயர் தேர்தலில் நின்று, நாற்காலியில் வேர் விட்டிருந்த பழைய மேயரைத் தோற்கடித்தார். நாலு வருஷம் மேயர். அப்புறம் ரேடியோவில் பேச்சு நிகழ்ச்சி.

1998 கவர்னர் தேர்தல்தான் இந்தக் கதையின் க்ளைமாக்ஸ்.

டெமாக்ரடிக் கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரி. மாநில அட்டர்னி ஜெனரல். அப்பா, நாட்டின் உதவி ஜனாதிபதியாக இருந்தவர். ரிபப்ளிகன் வேட்பாளர் நார்ம் கோல்மன், தலைநகர் செயின்ட் பால் மேயர். இரண்டு வருஷம் முன்புவரை எதிர்க்கட்சியில் இருந்து, தாவி வந்தவர். மூன்றாவதாக, ரிஃபார்ம் கட்சி என்ற குட்டிக் கட்சியின் சார்பில் நம் பயில்வான். துணை கவர்னர் பதவிக்கு அவரோடு நின்றவர், மே ஷங்க் என்கிற பள்ளிக்கூட டீச்சரம்மா.

கையில் காசு கிடையாது. அந்த மாநிலத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. 5 சதவிகிதம் ஓட்டு வாங்கினால் அரசாங்கமே தேர்தல் செலவுக்குப் பணம் தரும். இவருக்குச் சுமார் 3 லட்சம் டாலர் வரும். ஆனால் வருவது தேர்தலுக்குப் பிறகு! அதை அடமானமாகக் காட்டி பாங்க் பாங்க்காக ஏறினார்கள். குஸ்திக்காரனை நம்பி யார் லோன் கொடுப்பார்? கடைசியில் ஒரு பாங்க் இரக்கப்பட்டது. அதை வைத்து எடுத்ததுதான் அந்தப் புகழ்பெற்ற டி.வி. விளம்பரம். இரண்டு பொடியன்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள். ஒன்று வென்ச்சுரா பொம்மை. இன்னொன்று கட்டுப்பணத்தை நீட்டிக் காரியம் சாதிக்கப் பார்க்கும் கோட்டு சூட்டு ஆசாமி. வென்ச்சுரா பொம்மை, 'உன் பணம் எவனுக்கு வேணும்?' என்கிற பாணியில் முறைக்கிறது. ஊர் சிரித்தது. ஊர் சிரித்தால் பாதி ஓட்டு என்று அர்த்தம்.

மீதிப் பாதியை ஹம்ஃப்ரியே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். மேடை விவாதங்களில் வென்ச்சுராவையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். பயில்வான் வந்தால் கோல்மனின் ஓட்டைப் பிரிப்பார், நாம் சுகமாக ஜெயிக்கலாம் என்று கணக்கு. விவாதத்தில் இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் பிறாண்டிக்கொண்டிருக்க, வென்ச்சுரா தெரிந்ததைச் சொன்னார். தெரியாததை 'தெரியாது' என்றார். அரசியல்வாதி வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்றோ, ஜனங்கள் சொக்கிப் போனார்கள்.

அங்கே ஓட்டுப்பதிவு அன்றைக்கே பூத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்துகொண்டு ஓட்டுப் போடலாம். 1998 நவம்பர் 3 அன்று ஓட்டுப் போட்டவர்களில் ஆறில் ஒருவர் அப்படி அன்றைக்கே பதிந்தவர். நிறையப் பேர் இளைஞர்கள். கருத்துக்கணிப்புக்காரர்களின் லிஸ்ட்டிலேயே இல்லாத ஆட்கள். ரிசல்ட்: வென்ச்சுரா 37 சதவிகிதம், கோல்மன் 34, பாவம் ஹம்ஃப்ரி 28. நூற்றுக்கு 63 பேர் வேண்டாம் என்ற ஆள் கவர்னர் என்றும் இதைச் சொல்லலாம். ஆனால் மற்ற இருவரையும் அதைவிட அதிகம் பேர் வேண்டாம் என்றிருக்கிறார்களே!

இனி கணக்கு வழக்கு. சட்டசபையில் இவர் கட்சிக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. ஆனால் கஜானாவில் பணம் வழிந்தது. பொருளாதாரம் செழிப்பாக இருந்த காலம். அதிகமாக வசூலான பணம் ஜனங்களுடையது, திருப்பிக் கொடு என்றார். 1999-ல் சுமார் 130 கோடி டாலர், வீட்டு வீட்டுக்கு செக்காகப் போனது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ஜெஸ்ஸி செக்'. அடுத்த இரண்டு வருஷமும் செக் வந்தது. கார் வரியைக் குறைத்தார். மினியாபொலிஸுக்கு ரயில் வேண்டும் என்று ரிபப்ளிகன்களோடு மல்லுக்கு நின்றார். அந்த ரயில் ஓட ஆரம்பித்தது 2004-ல், இவர் வீட்டுக்குப் போன பிறகு. நல்ல அதிகாரிகளைக் கட்சி பார்க்காமல் நியமித்தார் என்று எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.

படிப்புச் செலவுக்கு உதவி கேட்ட மாணவர்களிடம் மட்டும், காலேஜுக்குப் போகிற புத்தி இருந்தால் ஃபீஸுக்கு வழி பண்ணுகிற புத்தியும் இருக்க வேண்டும் என்கிற தோரணையில் பேசினார். இது எனக்குப் பிடிக்கவில்லை. அவரை ஜெயிக்க வைத்ததே அந்த வயசுப் பிள்ளைகள்தானே.

வாய்தான் அவருக்குச் சனி. 1999-ல் பிளேபாய் பத்திரிகைப் பேட்டியில், மத அமைப்புகளெல்லாம் பலவீனமான மனசுக்காரர்களின் ஊன்றுகோல் என்று போட்டு உடைத்தார். செல்வாக்கு சரசரவென்று இறங்கியது. அதே வருஷம் ஆகஸ்டில், கவர்னராக இருந்துகொண்டே குஸ்தி மேடையில் ஏறி ரெஃப்ரி வேலை பார்த்தார். 2001-ல் கால்பந்துப் போட்டிக்கு டி.வி. வர்ணனை. (அமெரிக்கக் கால்பந்து. கையால் ஆடுவார்களே, அது.) பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்டதும் கோபம் வந்து, அவர்களுக்கு நரி என்று அச்சடித்த அடையாள அட்டை கொடுத்தார். பத்திரிகையில் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அப்படி ஓர் அட்டை எனக்குக் கிடைத்தால் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்.

2001-ல் பொருளாதாரம் படுத்தது. செக் கொடுத்ததும் வரி குறைத்ததும் நல்ல நாளில் செய்தவை. செக் ஒரு தடவையோடு போகும். வரிக்குறைப்பு வருஷா வருஷம் தொடரும். ஒரு தீபாவளி போனஸை நம்பி இருபது வருஷ இ.எம்.ஐ. போட்டால் என்ன ஆகும்? 2002 முடிவில் அடுத்த பட்ஜெட் காலத்துக்குச் சுமார் 450 கோடி டாலர் துண்டு விழும் என்று கணக்கு வந்தது. அதற்குள் கவர்னர் மாளிகைப் பாதுகாப்புச் செலவில் சட்டசபை கை வைக்க, 'சரி, மாளிகையையே மூடு' என்று பூட்டுப் போட்டார் வென்ச்சுரா. ஜூன் மாதம் ரேடியோவில், மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். தன் குடும்பத்தைப் பத்திரிகைகள் வம்புக்கு இழுத்ததுதான் காரணம் என்றார்.

போகிற போக்கில் ஒரு கடனையும் தீர்த்தார். 2002 அக்டோபரில் செனட்டர் வெல்ஸ்டோன் விமான விபத்தில் இறந்துபோக, காலியான இடத்துக்கு டீன் பார்க்லி என்பவரை நியமித்தார். யார் இந்த பார்க்லி? 'நீ தேர்தலில் நில்லு' என்று ஆதியில் வென்ச்சுராவை உசுப்பேற்றி, 1998 பிரசாரத்தை நடத்தியவர். இரண்டே மாதம் செனட்டர்!

1987-ல் வந்த 'ப்ரிடேட்டர்' படத்தை இப்போது பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஓடும் கோஷ்டியில் வென்ச்சுரா ஒருவர். தலைவர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர், 2003-ல் கலிபோர்னியா கவர்னர் ஆனவர். ஒரே படத்தில் இரண்டு கவர்னர்கள். 

இந்தக் கதையையெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை செய்யும் ஒரு நண்பரிடம் சொன்னேன். இரண்டு டீ ஆறும்வரை பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

"ஏம்ப்பா, துண்டு விழுந்ததும் அந்த செக்கை யாராவது திருப்பிக் கேட்டாங்களா?"

"இல்லையே."

"அப்ப நல்ல மனுஷன்தான்" என்று சொல்லிவிட்டு, டீக்கு என்னைக் காசு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.