அப்பா உடைத்த செல் அல்ல இது

குச்சனூரில் ஒரு பிள்ளை பேட்டரி செய்து பார்க்க ஆசைப்பட்டால் கடைக்குப் போக வேண்டியதில்லை. திராட்சைக்கு போர்டோ கலவை போட வாங்கிய மயில்துத்தம் தொழுவத்து மூலையில் மீதம் இருக்கும். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பி பரணில் கிடக்கும். பழைய டார்ச் செல்லின் மேல்கூடு துத்தநாகம். ஒரு சின்ன மண்கலயமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால், 1836-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜான் டேனியல் உருவாக்கிய மின்கலத்தை மாட்டுக்கொட்டகையிலேயே செய்துவிடலாம். கலயத்துக்கு வெளியே துத்தக் கரைசலில் செம்பு, உள்ளே உப்புநீரில் துத்தநாகம். ஏறத்தாழ 1.1 வோல்ட் வரும். மூன்றை வரிசையாக இணைத்தால் வெள்ளை எல்இடி மங்கலாகவாவது எரியும்.

செய்யட்டும். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த சமன்பாடு கண்முன்னே விளக்காக எரிவதைப் பார்த்த பிள்ளைக்கு வேதியியலைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். துத்தம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, கண்ணில் தெறித்தால் புண். அதனால் சமையலறை டம்ளரில் கலக்கக் கூடாது, தம்பி தங்கை எடுத்துக் குடிக்கும் உயரத்தில் அந்த நீலத் தண்ணீரை வைக்கக் கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்தி மின்சாரம் எடுத்தால் அந்தப் பழத்தைப் பிழிந்து குடிக்கக் கூடாது. துத்தநாகம் சாற்றில் கரைந்திருக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இவ்வளவையும் பார்த்துக்கொள்ளலாம். என் கவலை இந்த இடத்தில் இல்லை.

செய்வதில் ருசி கண்ட பிள்ளை அடுத்ததாக உடைக்கத் தொடங்கும். கவலை அங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் சொன்னாலும், “நாங்களும் அந்தக் காலத்துல செல்லை உடைச்சவங்கதான், ஒண்ணும் ஆகல” என்று பதில் வரும். பொய்யில்லை. ரேடியோ செல் தீர்ந்தால் கல்லால் தட்டி, கருப்புப் பொடியைக் கொட்டி, நடுவிலிருக்கும் கரிக்குச்சியை எடுத்துச் சுவரில் கிறுக்காத பிள்ளை அன்று குறைவு. தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து இன்னொரு நாள் பாட்டுக் கேட்ட வீடுகளும் ஏராளம். அந்தச் செல் 1.5 வோல்ட். இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்தால் கொஞ்சம் சூடாகும், அதோடு அடங்கிவிடும்.

இன்று பிள்ளையின் கைக்கு வருவது வேறு. பவர் பேங்க், பழைய லேப்டாப், புதுவகை மருந்தடிக்கும் மெஷின் என்று பலவற்றுக்குள்ளும் 18650 என்ற லித்தியம் அயன் செல் இருக்கிறது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பார்த்தால் பழைய டார்ச் செல்லுக்குத் தம்பி மாதிரி. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். முனைகள் ஒன்றோடொன்று பட்டால் ஒரு நொடியில் பத்துக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பியே சிவந்துவிடும். உள்ளே நேர்மின் தகட்டையும் எதிர்மின் தகட்டையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். ஆணி குத்தினாலும், சோல்டரிங் அயர்னால் நேரடியாகச் சூடேற்றினாலும், அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தாலும் அது கிழியலாம் அல்லது உருகலாம். பிறகு ஒரு சூடு இன்னொரு சூட்டைக் கிளப்பிவிட, நச்சுப்புகையும் தீயும் வெளியே பாயும். ஆக்சிஜன் அதன் உள்ளிருந்தே கிளம்புவதால் சாக்கைப் போட்டு மூடினாலும் அணையாது. அப்பாவின் அனுபவம் இந்தச் செல்லுக்குச் செல்லாது. வெயிலில் காயவைக்கும் பழக்கத்தை இதனிடம் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் பள்ளி செல்லும் வயதில் இருந்த மகளும் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் செய்து கடையில் விற்ற வண்டி. அந்த ஆண்டு நாடெங்கும் அடுத்தடுத்து வண்டிகள் எரிந்த பிறகு மத்திய அரசு நிபுணர் குழு அமைத்து, மின்வாகன பேட்டரிகளுக்கான ஏஐஎஸ் 156 விதிகளைக் கடுமையாக்கியது. தொழிற்சாலைப் பேட்டரிக்கே அத்தனை சோதனை தேவைப்படுகிறது. வெவ்வேறு லேப்டாப்பிலிருந்து பிடுங்கிய, வெவ்வேறு வயதுடைய ஆறு செல்களை ஒட்டி, பிஎம்எஸ் என்கிற காவல் பலகை இல்லாமல், கையில் கிடைத்த சார்ஜரைச் சொருகி, கட்டிலுக்கு அடியில் வைத்துத் தூங்கும் பிள்ளையை எந்த விதி காக்கும்?

ஈய பேட்டரி இன்னொரு தினுசு. பைக்கிலும் இன்வெர்ட்டரிலும் இருப்பது. அதன் ஆசிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். இவையாவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். பேட்டரியைப் பிளந்து தட்டை எடுத்து, அடுப்பில் உருக்கித் தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்ப்பதில் காயமே தெரியாது. தூசியும் புகையும் உள்ளே போய் மெல்ல மெல்லப் பிள்ளையின் மூளையைப் பிடிக்கும். செனகல் நாட்டின் டாக்கர் அருகே தியாரோய் என்ற ஊரில் பழைய பேட்டரிகளை உடைத்து, அந்த மண்ணைச் சலித்து ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்த பிறகே காரணம் தெரிந்தது. ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சிலர், “எதையும் தொடாதே என்று தடுத்துவிட வேண்டியதுதானே” என்கிறார்கள். தடுத்தால் பிள்ளை மொட்டை மாடிக்குப் போகும், அவ்வளவுதான். ஆசிட் தெறித்தாலும் வீட்டில் சொல்லாமல் மறைக்கும். உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவ வேண்டிய கண்ணை, திட்டு விழுமே என்று துண்டால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “பிள்ளைகள் தானாகக் கற்றுக்கொள்ளும்” என்று விட்டுவிடுகிறவர்கள் எதிர்ப்பக்கம். இரண்டு தரப்பும் ஒன்றை மறக்கிறார்கள். உப்பிப்போன செல்லோ ஆசிட்டோ பிள்ளையிடம் தானாக வந்து சேர்வதில்லை. பெரியவர் ஒருவரின் கையைத் தாண்டித்தான் வருகிறது.

பழைய இரும்புக் கடையை எடுத்துக்கொள்வோம். எடைக்குப் போடும் பொருளோடு பவர் பேங்கும் லேப்டாப் பேட்டரியும் வந்து விழுகின்றன. பத்து ரூபாய் கொடுத்தால் பிள்ளைக்கு எடுத்துத் தருகிறார்கள். கடைக்காரர் கெட்டவர் அல்ல. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தீர்ந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. அந்த விதி சின்னமனூர்ச் சாலைக் கடை வரை இறங்கி வர ஒருவர் வேண்டும். பேட்டரி மெக்கானிக்கும் யோசிக்க வேண்டும். ஆசிட் வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், 18 வயது நிரம்பாதவர்களுக்கு ஆசிட் விற்கக் கூடாது, வாங்குகிறவரின் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. குளிர்பான பாட்டிலில் ஊற்றி, “அப்பா கேட்டார்” என்று வந்த பிள்ளையிடம் கொடுத்தனுப்புவது அந்த உத்தரவுக்கும் விரோதம், பொதுப்புத்திக்கும் விரோதம்.

பள்ளிக்கூடத்தின் பங்கு இதைவிடப் பெரியது. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்குச் செய்து பார்க்கும் அறிவியலைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் பேட்டரிப் பைத்தியம் சரியாகப் பிடிப்பது அதற்குப் பிறகு, ஒன்பதிலும் பத்திலும்தான். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆய்வகத்தைத் திறந்துவைத்து, கண்ணாடியும் கையுறையும் மல்டிமீட்டரும் ஃபியூஸும் கொடுத்து, “என்ன செய்யப்போகிறாய், முதலில் எழுதிக் காட்டு” என்று கேட்கும் ஓர் ஆசிரியர் கிடைத்தால் போதும். டேனியல் கலமும் நவச்சாரக் கலமும் அங்கே செய்யலாம். லித்தியத்தைப் பிளப்பது அங்கேயும் கூடாது. பிஎம்எஸ் உள்ள தயார் பேக்கை அளந்து படிக்கலாம். பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கும் மத்திய நிறுவனம் ஒன்று நம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 1953 பொங்கல் நாளில் திறந்தார்கள். மதுரை வழியே அரை நாள் பயணம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேன் பிள்ளைகளை அழைத்துப்போக ஊர்ப் பெரியவர்களுக்கு முடியாதா என்ன?

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டத்தோடு மின்னும் பொம்மைகளும் வந்து குவியும். அவற்றின் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐ அழைத்து நேராக எக்ஸ்ரே இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திருவிழாவுக்கு முன்பே பேரூராட்சி ஒரு வேலையைத் தொடங்கிவிடலாம். மழையும் வெயிலும் படாத இடத்தில் மணல் நிரப்பிய ஒரு தொட்டி. முனைகளில் டேப் ஒட்டிய பழைய செல்களை அதில் போட வேண்டும். உப்பிய செல்லை அதில் போடாமல் பணியாளரின் கையில் கொடுக்க வேண்டும். நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். செலவு பெரிதல்ல. தொட்டியின் மேல் எழுதும் அறிவிப்பைப் பேட்டரி செய்யத் தெரிந்த பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். நம்மைவிடத் தெளிவாக எழுதுவார்கள்.