தேவாலா தங்கம்

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்து நண்பர் காதைக் கடித்தார். "தேவாலாவுல தங்கம் சார்! ஆளுக்கு அஞ்சாயிரம் போட்டா போதும்."

நான் பி.காம். நீலகிரியில் அந்தத் தேவாலா, பந்தலூர் பக்கம் 1880 வாக்கில் லண்டன் கம்பெனிகள் ஷேர் விற்று மெஷின் இறக்கின. சில வருஷத்தில் ஊத்தி மூடியாச்சு.

தங்கம் கட்டியாகவா உட்கார்ந்திருக்கும்? பூமிக்கடியில் கொதிக்கிற தண்ணீர் பாறை விரிசலில் ஏறி, ஆறும்போது வெள்ளைக் குவார்ட்ஸோடு தங்கத்தையும் படியவிடும். அதுதான் ரேகை. தடிக்கும், மெலியும், திடீரென்று காணாமல் போகும். ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தேறினாலே அதிர்ஷ்டம். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன கோலாரையே கட்டுப்படியாகாமல் 2001-ல் மூடினார்கள்.

"உங்க பங்குக்குப் பணம்?"

"பெரிய கடை வீதியில அடகு வெச்ச செயினை மீட்க வெச்சிருந்தது..."

"வீட்டுல தெரியுமா?"

காவிரிப் பாலம் தாண்டும்வரை பேச்சில்லை. அம்மா மண்டபத்தில் இறங்கிக்கொண்டார்.