நரம்புக் காயத்துக்கும் கணக்கு வேண்டும்

கட்டை விரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று 1923ஆம் ஆண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஊனத்தை அட்டவணையிட்டது. அட்டவணையில் இல்லாத காயமானால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இம்முறையையே தொடர்கிறது.

சில பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகளின் நஞ்சு ஏறியவருக்கு, பிழைத்தெழுந்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கால் மரத்து, கைப்பிடி தளரலாம். டிராக்டர் கவிழ்ந்து தலையில் அடிபட்டவருக்கு ஞாபகம் தடுமாறலாம். கைகால் முழுசாக இருக்கிறதே என்று இவர்களைத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு, அத்தொழிலை இனிச் செய்ய இயலாது என்பதால் முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது. பிழைப்பே அங்கு அளவுகோல். மண்வெட்டி பிடிக்க முடியாத கைக்கும் அதுவே அளவுகோலாக வேண்டும்.

ஆகவே, வேலையில் அடிபட்டவரோ நஞ்சேறியவரோ வீடு திரும்பியதும் கணக்கை முடித்துவிடாதீர்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். மரத்துப்போதலோ மறதியோ நீடித்தால் நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு செய்த வேலைகளைச் சொல்லி, இப்போது எவை இயலவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்.