அச்சத்தை விதைத்தவர் யார்?

"சீமையிலே வழி தெரியாதவன் போலீசுக்காரனைத் தேடிச் செல்கிறான், இங்கே வழியிலே போலீசுக்காரனைக் கண்டால் வந்த வழியே திரும்புகிறான். நம்மவர்க்கு நாகரிகம் போதாது!" என்று நாலு நாடு சுற்றி வந்த கனவான்கள் நாவினிக்கப் பேசுகின்றனர். நாடுகளைக் கண்டனர், நல்லது. அந்நாடுகளின் நேற்றைக் கண்டனரா?

இலண்டன் மாநகரில் 1829-இல் இராபர்ட் பீல் காவற்படை அமைத்தபோது மக்கள் மாலையா சூட்டினர்? வசைமாரியன்றோ பொழிந்தனர்! 1833-இல் கோல்டுபாத் பீல்ட்சில் கூட்டத்தைக் கலைக்கச் சென்ற காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். மரண விசாரணை நடத்திய சூரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா, தோழர்களே? "நியாயமான கொலை" என்றார்கள்! மேல்மன்றம் பின்னர் அதனைத் தள்ளியது, அது வேறு. ஆங்கிலேயன் பிறக்கும்போதே போலீசை நம்பிப் பிறக்கவில்லை என்பதைத்தான் காட்டுகிறேன். மக்களின் ஐயத்தை அறிந்ததனால்தான் பீலின் படை, இராணுவத்தின் சிவப்பை விட்டு நீலம் உடுத்திற்று. துப்பாக்கியின்றிக் குறுந்தடி ஏந்திற்று. தவறிழைத்தவன் எவனெனக் குடிமகன் குறித்துக்கொள்ளக் கழுத்துப் பட்டையிலே எண் தாங்கிற்று.

அதே வெள்ளையன் நமக்குத் தந்தது என்ன? சென்னை மாகாணத்துச் சித்திரவதைகளை ஆராய்ந்த குழுவின் 1855-ஆம் ஆண்டு அறிக்கையைப் புரட்டுங்கள். வரி கறக்கவும் வாக்குமூலம் பிடுங்கவும் விரலை நெரித்த கிட்டி! உடலை வளைத்துக் கட்டிய அண்ணாந்தாள்! படித்துப் பதறிய அரசு பிறப்பித்ததோ, 1857 கிளர்ச்சியின் சூடு ஆறாத வேளையில், 1861-ஆம் ஆண்டுப் போலீசுச் சட்டம். அயர்லாந்தை அடக்க அமைத்த ஆயுதக் காவலின் சாயலிலே ஆட்சிக்கு அரண் கட்டினான். குடிக்குக் காவல் தரவில்லை.

தான் படைத்த போலீசை அவனே நம்பவுமில்லை! போலீசு அதிகாரியிடம் செய்யும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் எழுதினான். அந்த விதி, 2024 சூலை முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் குடியிருக்கிறது. பெயர் வடமொழியாயிற்று, அவநம்பிக்கை அப்படியே. விதியை நீக்கச் சொல்லவில்லை நான். அது ஏழைக்குக் கவசம். சட்டமே நம்பாதவனைச் சாமானியன் ஏன் நம்பவில்லை என்று கேட்கிறீர்களே, அதுதான் வியப்பு!

ஜார்ஜியா நாட்டைப் பாருங்கள். கைநீட்டிப் பிழைத்த போக்குவரத்துப் போலீசு முழுவதையும் கலைத்து, புதியவர்களைத் தேர்ந்து, கண்ணாடிச் சுவர் கொண்ட நிலையங்களைக் கட்டினர். 2003 புரட்சிக்குப் பின் இரண்டே ஆண்டுகளில் தொடங்கிய வேலை அது. அருவருத்த மக்கள் அணுகி வந்தனர். 2024-இல் கிளர்ச்சியாளரை அதே நாட்டுப் போலீசு அடித்து நொறுக்கியபோது வந்த நம்பிக்கை வாசல் தாண்டிற்று. இலண்டனும் விலக்கல்ல. 1993-இல் கறுப்பின இளைஞன் ஒருவன் கொலையுண்டதை விசாரித்த இலட்சணத்தை ஆராய்ந்து, அப்படையில் நிறவெறி ஊறியிருக்கிறது என்று 1999-இல் மெக்பெர்சன் அறிக்கை கூறிற்று. ஆனால், ஆராய்ந்தவர் போலீசுக்காரர் அல்லர், ஓய்வு பெற்ற நீதிபதி!

இங்கே? போலீசின் மீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டுமென 2006-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தமிழகம் 2013-இல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி, போலீசுத் தலைமை இயக்குநரை உறுப்பினராக்கிற்று. ஆட்டைக் கடித்த ஓநாய் மீது வழக்கு. தீர்ப்பளிக்க ஓநாயின் சிற்றப்பன்!

2020 சூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடை திறந்ததாகக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் பிணமாயினர். நிலையத்திலே கண்காணிப்புக் கருவி இருந்தது. பதிவு நாள்தோறும் தானே அழியும்படி அமைத்திருந்தனர் என்று விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் எழுதினார். இரவெல்லாம் அடித்தார்கள் என்று அவரிடம் சொன்னவர் அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர். அஞ்சி அஞ்சித்தான் சொன்னார். குற்றவாளிக்கு அஞ்சவில்லை அவர். உடன் பணியாற்றிய காக்கிச் சட்டைகளுக்கு அஞ்சினார்.