மரநிழலில் ஒரு பிள்ளை

பள்ளிகளில் விளையாட்டு வேளையின்போது ஒரு காட்சியை நாம் கண்டிருப்போம். எல்லாரும் பந்தின் பின்னே ஓட, காலில் குறையுள்ள மாணவன் மட்டும் மரநிழலில் அமர்ந்து பிறர் பைகளுக்குக் காவலிருப்பான். இதைக் கருணை என்று ஆசிரியர் எண்ணுகிறார். நாம் அவ்வாறு எண்ணவில்லை.

அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இம்மாணவர்க்கும் பிறரோடு சமமாக விளையாட்டு வாய்ப்பளிக்க வேண்டுமென்கிறது, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. சட்டம் மைதானத்தை வந்தடைய வேண்டுமாயின், உடற்கல்விக் கல்லூரிகளின் வழியாகவே வரவேண்டும். 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி தோன்றிய நாள்முதல் ஆசிரியரைப் பயிற்றி வரும் நாடு இது. ஆயினும் நூலில் ஒரு பாடம் படித்துத் தேர்வெழுதுவது இதற்குப் போதாது. கண் தெரியாத பிள்ளைக்கு ஓசையெழுப்பும் பந்தை உருட்டுவதும், செவி கேளாதவனுக்கு ஊதலோடு கொடியும் அசைப்பதும், சக்கர நாற்காலிச் சிறுமிக்காகப் பந்து வளையத்தைத் தாழ்த்திக் கட்டுவதும் கையால் செய்து பழக வேண்டியவை. பயிற்சிக் காலத்தில் இப்பிள்ளைகளோடு பழகாதவர், வேலையில் அமர்ந்தபின் அஞ்சி ஒதுங்குவது இயல்பே. அவரை மட்டும் நோவானேன்?

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், கைப்பந்தாடிக்கொண்டிருந்த மாரியப்பனை உயரம் தாண்டத் தூண்டியவர் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியரே. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றதை யாவரும் அறிவோம். ஆனால் நம் கவலை பதக்கம் பற்றியதன்று; விளையாட மட்டும் விரும்பும் பிள்ளைகளைப் பற்றியது.

நம் சங்க விளையாட்டு விழாவுக்குப் பந்தயங்களை வகுக்கும் அன்பர்கள், இப்பிள்ளைகளையும் பெற்றோரையும் முதலில் கலந்துகொள்ளுமாறு வேண்டுகிறோம்.